ஒரு நாள் நடைக்கு ஒரு விடுதி

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்ச் சில மாதங்கள் தங்கி வரும் பெற்றோர் நம் சங்கத்தில் ஏராளம். திரும்பி வந்ததும் அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். "வீடு பெரிசு, வசதிக்குக் குறைவில்லை. ஆனால் சனி, ஞாயிறு வந்து பிள்ளை காரை எடுத்தால்தான் வெளியே தலை காட்டலாம்."

இங்கிலாந்து போகிறவர்களுக்கு இந்தக் குறை தீர ஒரு வழி உண்டு. முதுகில் ஒரு பை, காலில் நல்ல பூட்ஸ், இரவு தங்க எளிய விடுதி. இது கல்லூரிப் பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட வேண்டாம். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நானும் என் மனைவியும், 2018 மே மாதம், மான்செஸ்டரில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து கிளம்பி நான்கு நாள் இப்படிச் சுற்றி வந்தோம். பச்சைப் புல்வெளியையும் செம்மறி ஆடுகளையும் வர்ணிப்பது என் நோக்கமல்ல. சாதாரண மனிதர் குறைந்த செலவில் அங்கே போய் நடக்க முடிவது எப்படி என்பதைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு மூன்று ஏற்பாடுகள் உள்ளன: விடுதி, பாதை, ரயில்.

விடுதி

இளைஞர் விடுதி என்ற யோசனை ஜெர்மனியில் பிறந்தது. ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் 1909 ஆகஸ்டில் தம் மாணவர்களை நடைப் பயணமாக அழைத்துப் போனார். வழியில் இடி மழை. ஒரு கிராமப் பள்ளிக் கூடத்தில் வைக்கோல் பரப்பிப் பிள்ளைகளைப் படுக்க வைத்தார். விடுமுறையில் பள்ளிக் கூடங்கள் சும்மாதானே கிடக்கின்றன, ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக இப்படித் தங்குமிடம் இருந்தால் ஏழைப் பிள்ளையும் நாடு முழுவதும் நடக்கலாமே என்று அன்றிரவு அவருக்குத் தோன்றியது. நீராவி எஞ்சின் காலத்தில் தண்ணீர் பிடிக்க இத்தனை மைலுக்கு ஒரு நிலையம் என்று வைத்தார்கள் அல்லவா? அதே கணக்குதான். பின்னர் ஆல்ட்டேனா என்ற ஊரின் பழைய கோட்டையில் அவர் நிரந்தர விடுதி ஒன்றை நிறுவினார்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கான சங்கம் 1930-இல் தொடங்கியது. அந்நாளில் ஓர் இரவுக்கு ஒரு ஷில்லிங். நடந்தோ சைக்கிளிலோதான் வர வேண்டும், காலையில் கிளம்புமுன் கூட்டுவது, பாத்திரம் தேய்ப்பது என்று ஒரு வேலை செய்துவிட்டுப் போக வேண்டும் என்ற விதிகள் இருந்தன. இன்று அந்தக் கண்டிப்பு இல்லை. காரிலும் வரலாம், உறுப்பினர் அல்லாதவரும் தங்கலாம், வயது வரம்பு கிடையாது. அடுக்குக் கட்டில்கள் உள்ள பொது அறைகளோடு, குடும்பங்களுக்குத் தனி அறையும் பல விடுதிகளில் உண்டு.

நம்மவர்களுக்கு மிகவும் பயன்படுவது பொதுச் சமையலறை. அரிசி, பருப்பு, ரசப்பொடி கொண்டு போயிருந்தோம். பக்கத்து அடுப்பில் முட்டை பொரித்துக் கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் ரசத்தை இரண்டு கோப்பை வாங்கிக் குடித்தார். சமைத்த பாத்திரத்தை உடனே கழுவி வைப்பதும், குளிர்பெட்டியில் வைக்கும் பொருளுக்குப் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுவதும் அங்கே எழுதாத சட்டம்.

பாதை

நாங்கள் தங்கியது ஈடேல் என்ற பள்ளத்தாக்கில். அதன் வடக்கே 636 மீட்டர் உயரமான கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டு நிலம். இன்று யாரும் ஏறலாம். முன்பு அப்படி இல்லை. கிரௌஸ் என்னும் பறவையை வேட்டையாடுவதற்காகச் செல்வந்தர்கள் அந்த மலையைப் பூட்டி வைத்திருந்தார்கள். மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைத் தொழிலாளிக்குக் கிடைப்பது ஞாயிறு ஒரு நாள். கண்ணெதிரே மலை இருந்தும் கால் வைக்க முடியாது.

1932 ஏப்ரல் 24 அன்று சுமார் 400 பேர் தடையை மீறி மலை ஏறினார்கள். முன்னின்ற பென்னி ரோத்மனுக்கு வயது 20. வேட்டைக் காவலர்களோடு கைகலப்பு நடந்தது. ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. அந்தத் தண்டனையின் கடுமைதான் நடப்பவர்களின் கோரிக்கையை நாடறியச் செய்தது. 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. 1951-இல் இந்த வட்டாரமே முதல் தேசியப் பூங்காவானது. ஈடேலிலிருந்து ஸ்காட்லாந்து எல்லை வரை 268 மைல் செல்லும் பென்னைன் நடைபாதை, அதே ஏப்ரல் 24-ஆம் தேதியில், 1965-இல் திறக்கப்பட்டது.

இதோடு கவனிக்க வேண்டிய இன்னொரு சட்டம் உண்டு. இருபது ஆண்டுகள் தடையில்லாமல், ஒளிவு மறைவில்லாமல், உரிமையோடு மக்கள் நடந்து வந்த தடத்தை, மாறான சான்று இல்லாத வரை, பொதுப் பாதையாகவே அங்கே கருதுகிறார்கள். அதனால் தனியார் வயல் நடுவே பாதை போகும். மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்து நடந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுச் செல்வது நம் பொறுப்பு.

என் தொழில் சார்ந்து ஒன்று சொல்ல வேண்டும். மேட்டின் மேல் பல இடங்களில் நீர் ஊறிய, செடிகள் மட்கிச் சேர்ந்த கறுப்பு மண். அதன்மேல் பெரிய கற்பலகைகளைப் பாவியிருக்கிறார்கள். அவற்றில் பல, இடிக்கப்பட்ட பஞ்சாலைகளின் தரைக் கற்கள். பலகை பாரத்தைப் பரப்புவதால் கால் புதைவதில்லை. ஸ்லீப்பரும் ஜல்லியும் செய்யும் வேலை இதுதான். லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதைக்காக ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் சாட் மாஸ் சதுப்பு நிலத்தில் மிலாறுகளையும் தட்டிகளையும் பரப்பி, அதன்மேல் தண்டவாளத்தை மிதக்க வைத்த கதையைப் படித்திருக்கிறேன். அதே தத்துவத்தின்மேல் நானே நடந்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. எதிர்ப்புறம் மாம் டார் மலைச்சரிவில், மண் சரிந்து சரிந்து 1979-இல் கைவிடப்பட்ட சாலை அடுக்கடுக்காகப் பிளந்து கிடக்கிறது. இயற்கையை எதிர்த்துக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

ரயில்

மான்செஸ்டரிலிருந்து ஈடேலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். 1894-இல் திறந்த பாதை. இரண்டு மைலுக்கு மேல் நீளும் கௌபர்ன் சுரங்கத்தைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு விரிகிறது. நிலையத்திலிருந்து இறங்கி நேராக நடைபாதைக்குப் போய்விடலாம். கார் தேவையே இல்லை. ஒரு நிலையத்தில் இறங்கி, மலைமுகடு வழியே நடந்து, அடுத்த ஊரான ஹோப் நிலையத்தில் ஏறலாம். கடைசி நாள் மகள் காரோடு வருவதாகத் தொலைபேசியில் சொன்னாள். "வேண்டாம், டிக்கெட் வாங்கியாயிற்று" என்று என் மனைவி பதில் சொன்ன குரலில் ஒரு மிடுக்கு இருந்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கோடையிலும் மழை வரும், மேலங்கி அவசியம். பருத்தித் துணி நனைந்தால் எளிதில் காயாது. பூட்ஸை இங்கேயே பதினைந்து நாள் போட்டு நடந்து பழக்குங்கள். பையின் எடை ஆறேழு கிலோவைத் தாண்ட வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி இரண்டு வைத்துக் கொள்ளலாம். மருத்துவரையும் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள். வரைபடம் கையில் இருக்கட்டும்; மேட்டின்மேல் கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காமல் போகலாம்.

வெளிநாடு போகத்தான் வேண்டும் என்பதில்லை. இந்திய இளைஞர் விடுதிச் சங்கத்தின் தலைமையகம் நம் டில்லியில், சாணக்கியபுரியிலேயே இருக்கிறது. கசோலிலிருந்து சார் கணவாய் வரையிலான மலை நடை போன்ற பயணங்களை அவர்கள் நடத்தி வந்திருக்கிறார்கள். நம் சங்கத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து விசாரித்தால், முதல் பயிற்சியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆரவல்லிக் காட்டு மேட்டில் நடக்க அவர்களோடு வர நான் தயார். பெற்றோரும் வரலாம். தயிர்சாதம் என் மனைவி கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.