முடிவுநாள் இல்லாத காவல்

நுழையும்முன்

குற்றம் செய்தவர் தண்டனை பெறுவதும் செய்யாதவர் விடுதலை பெறுவதும் நீதி. தாம் என்ன செய்தோம் என்பதையே அறியாத நிலையில் ஒருவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டால் நீதி என்ன செய்யும்? அத்தகையோருக்காகச் சட்டம் இரக்கத்தோடு வகுத்த வழி, சிலருக்குத் தண்டனையைவிட நீண்ட துன்பமாக மாறியது எவ்வாறு என்பதையும், அதனைச் சீர்செய்ய மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளையும் விளக்குகிறது இப்பாடம்.

1951ஆம் ஆண்டு. அசாம் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த பழங்குடி இளைஞர் ஒருவர், பிறருக்குக் கொடுங்காயம் விளைவித்தார் என்னும் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 23. மனநலம் பாதிக்கப்பட்டவர் எனக் கருதி அவரைத் தேஜ்பூரில் உள்ள மனநல மருத்துவமனைக்கு அனுப்பினர். 1967இல் அவர் நலமடைந்துவிட்டார் என்று மருத்துவமனை தெரிவித்தது. நலமடைந்தவர் நீதிமன்றத்தின் முன் நின்றிருக்க வேண்டும். அல்லது வீடு திரும்பியிருக்க வேண்டும். அவரோ குவாகாத்தி சிறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே மேலும் 38 ஆண்டுகள் கழிந்தன.

தேசிய மனித உரிமைகள் ஆணையம் தலையிட்ட பின்னரே, 2005 ஜூலையில் அவர் வெளியே வந்தார். பிணைத்தொகை ஒரு ரூபாய். அப்போது அவருக்கு வயது 77. இடைப்பட்ட 54 ஆண்டுகளில் அவர்மீதான வழக்கு விசாரணைக்கு வரவே இல்லை. அவருக்கு அசாம் அரசு 3 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2007இல் ஆணையிட்டது. அவர்மீது எவரும் பகை கொண்டு இவ்வாறு செய்யவில்லை. மருத்துவமனைக்கும் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே ஒரு கோப்பு நின்றுபோயிற்று. அக்கோப்போடு ஒரு மனிதரின் வாழ்வும் நின்றுபோயிற்று.

சட்டம் கேட்கும் இரு வினாக்கள்

மனநலம் பாதிக்கப்பட்டவர்மீது குற்றம் சாட்டப்படும்போது சட்டம் இரண்டு வினாக்களைக் கேட்கிறது. குற்றம் நிகழ்ந்த வேளையில் அவர் மனநிலை எவ்வாறிருந்தது என்பது முதல் வினா. 1843இல் இங்கிலாந்துப் பிரதமரின் செயலாளரை மக்நாட்டன் என்பவர் சுட்டுக் கொன்றார். அவ்வழக்கை ஒட்டி, தம் செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய இயலாதவர் தண்டனைக்கு உரியவர் அல்லர் என்னும் நெறி வகுக்கப்பட்டது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அக்கருத்து 84ஆம் பிரிவாக இடம்பெற்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 22ஆம் பிரிவாக உள்ளது. திரைப்படங்களிலும் செய்திகளிலும் பெரிதாகப் பேசப்படுவது இதுவே.

பேசப்படாத வினா இரண்டாவது. விசாரணை நடைபெறும் நாளில் அவரால் தமக்காக வாதாட இயலுமா என்பதே அது. சாட்சி கூறுவதைப் புரிந்துகொள்ளவும், தம் வழக்கறிஞரிடம் விவரம் சொல்லவும் இயலாத ஒருவரைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது முறையன்று. எனவே, அவர் தேறும்வரை விசாரணையை ஒத்திவைக்கச் சட்டம் இடமளிக்கிறது. அறம் சார்ந்த ஏற்பாடுதான், ஐயமில்லை. ஆனால், அதற்குள்ளேயே ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. தண்டிக்கப்பட்டவருக்கு விடுதலை நாள் ஒன்று உண்டு. அவர் அதனைச் சுவரில் கோடிட்டு எண்ணலாம். ஒத்திவைக்கப்பட்டவருக்கு எண்ணுவதற்கு நாள் ஏது? மருத்துவர் எழுத வேண்டும். எழுதியதைச் சிறை அதிகாரி அனுப்ப வேண்டும். அனுப்பியதை நீதிமன்றம் படிக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போதும், குற்றமற்றவராகவே இருந்தாலும் அவர் உள்ளேயே இருப்பார். வறியவராகவும் உறவினர் தேடி வராதவராகவும் இருந்துவிட்டால் அறுந்த கண்ணியைச் சுட்டிக்காட்டவும் ஆள் இல்லை.

அசாமில் நிகழ்ந்தது தனி நிகழ்வன்று. அன்றைய பீகாரின் ஹசாரிபாக் சிறையில், மனநோயாளிகள் என அடைக்கப்பட்டவர்களுள் சிலர் நலமடைந்த பிறகும் நெடுங்காலம் அங்கேயே வைக்கப்பட்டிருந்தனர். அவர்களைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மடல் எழுதப்பட்டது. நீதியரசர் பி. என். பகவதி காலத்தில், அம்மடலையே மனுவாக ஏற்று 1982இல் விசாரித்தது நீதிமன்றம். மேற்கு வங்கத்தின் நிலை இன்னும் வியப்பானது. எந்தக் குற்றச்சாட்டும் இல்லாதவர்களே, மனநோய் உள்ளது என்னும் ஒரே காரணத்தால் ‘பாதுகாப்புக்காக’ அங்கே சிறையில் வைக்கப்பட்டனர். இது சட்டத்துக்கும் அரசமைப்புக்கும் புறம்பானது என்று ஷீலா பார்சே தொடுத்த வழக்கில் 1993இல் தீர்ப்பளிக்கப்பட்டது. பாதுகாப்பு என்னும் நல்ல சொல் சிறைச்சுவருக்குப் பெயராக அமைந்துவிட்டது.

காவல் நிலையத்தில் தொடங்கும் மாற்றம்

மனநலம் பாதிக்கப்பட்டவர் நீதித்துறையை முதன்முதலில் சந்திக்கும் இடம் நீதிமன்றமன்று, தெருமுனை. அங்கே அவர் எதிர்கொள்வது ஒரு காவலரை. ‘கையைத் தூக்கு’ என்னும் அதட்டலுக்கு அவர் பணியாதிருப்பது திமிராலா, காதுக்குள் ஒலிக்கும் வேறொரு குரலாலா என்பதைப் பயிற்சி பெறாத கண் அறியாது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987இல், கையில் கத்தியோடு நின்ற மனநோயாளி ஒருவரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றனர். மக்களின் கொந்தளிப்புக்குப் பின், 1988இல் அந்நகரக் காவல்துறை மருத்துவர்களோடும் நோயாளிகளின் குடும்பத்தாரோடும் இணைந்து ஒரு திட்டம் வகுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி அளிக்கப்பட்டது: தாழ்ந்த குரலில் பேசுதல், இடைவெளி விட்டு நிற்றல், விரைந்து முடிக்க முயலாதிருத்தல். பிற நகரங்களும் அதனைப் பின்பற்றின.

இந்தியாவில் இதற்கான சட்ட அடித்தளம் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ‘பைத்தியம்’ என்னும் பொருள்தரும் சொல் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் கடந்துவந்த தொலைவு புரியும். தெருவில் தன்னிலை அறியாது அலைபவரைக் காவலர் தம் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டால், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்கிறது இச்சட்டத்தின் 100ஆம் பிரிவு. எச்சூழ்நிலையிலும் அவரைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைத்தல் கூடாது. அவருடைய குடும்பத்தைத் தேடும் பொறுப்பும் காவல் நிலையத்துக்கே உரியது. காவலர்களுக்குக் காலமுறைப்படி விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்கவும் இச்சட்டம் வலியுறுத்துகிறது.

கோப்பு நின்றுபோகாதிருக்க

அசாம் வழக்கில் இழப்பீட்டோடு உச்ச நீதிமன்றம் வழங்கிய வழிகாட்டுதல்கள் கருதத்தக்கவை. மருத்துவமனையில் வைக்கப்பட்டுள்ள விசாரணைக் கைதியின் நிலை குறித்த அறிக்கை காலந்தோறும் நீதிமன்றத்தை அடைய வேண்டும். சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய மிக உயர்ந்த தண்டனைக் காலத்தையும் கடந்து ஒருவர் காவலில் இருந்தால், அவர்மீதான வழக்கை முடித்துவிட வேண்டும். முடிவுநாள் இல்லாத காவலுக்கு இவ்வாறு ஒரு முடிவுநாள் குறிக்கப்பட்டது.

2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 103ஆம் பிரிவு மேலும் ஓரடி செல்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் அமைய வேண்டும். மனநோயுற்ற கைதிகளை அங்கே மாற்ற வேண்டும். மூன்று திங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிறை மருத்துவரும், தம் சிறையில் மனநோயுற்ற கைதிகள் எவரும் இல்லை எனச் சான்றளித்து மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ‘இல்லை’ என்று எழுத ஒரு நொடி போதும். அறை அறையாகச் சென்று, பேசாமல் மூலையில் அமர்ந்திருப்பவரிடமும் உரையாடிவிட்டு எழுத ஒரு வாரமும் போதாமல் போகலாம். ஏட்டில் இரண்டு அறிக்கைகளும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான், வாரியம் சிறைக்கு நேரில் சென்று பார்க்கவும், மனநோயுற்றவர் எவரேனும் அங்கிருந்தால் காரணம் கேட்கவும் சட்டம் அதிகாரம் அளித்திருக்கிறது.

கற்பவை கற்றபின்…

1. ‘தண்டனைக்கு முடிவுநாள் உண்டு, ஒத்திவைப்புக்கு இல்லை’ – இக்கருத்தைப் பாடத்தில் உள்ள நிகழ்வோடு பொருத்தி வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. பேருந்து நிலையத்தில் தன்னிலை அறியாது அலையும் ஒருவரை நீங்கள் காண்கிறீர்கள். அருகிலுள்ள காவல் நிலைய ஆய்வாளருக்கு அவருடைய நிலையை விளக்கியும், 2017ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டியும் மடல் வரைக.