தொழிற்சாலையில் உணர்கருவிகளின் இணைப்பு

மும்பையை அடுத்த ஐரோலி, தாணே கடற்கழியின் கிழக்குக் கரையில், தாணே–பேலாப்பூர் சாலையையொட்டி அமைந்த ஊராகும். 1962-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை இச்சாலை நெடுகிலும் பரவியுள்ளது. இத்தகைய பேட்டையிலுள்ள இரசாயன ஆலையொன்றில் திரவத் தொட்டி ஓரிடத்திலும், கட்டுப்பாட்டு அறை வெகு தொலைவிலும் இருத்தல் கூடும். அறையிலிருப்போர் தொட்டியைக் கண்ணால் காண்பதில்லை. உணர்கருவி அனுப்பும் குறிப்பைக் கொண்டே அதன் நிலையை அறிகின்றனர். ஆதலின் அக்குறிப்பு எத்துணை நம்பத்தக்கது என ஆராய்தல் நம் கடமையாகும்.

தொட்டியின் உயரம் 8 மீட்டர் என்று கொள்வோம். அது வெறுமையாயிருப்பின் 4 மில்லி ஆம்பியர் மின்னோட்டமும், நிறைந்திருப்பின் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமும் கம்பி வழியே வருமாறு கருவி அமைக்கப்படுகிறது. ஏன் 0-இலிருந்து தொடங்கலாகாது? அவ்வாறு தொடங்கின், தொட்டி வெறுமையானாலும் 0, கம்பி அறுந்தாலும் 0 என்றாகிவிடும். அறுந்த கம்பியை வெறுந்தொட்டி என எண்ணிப் பம்பை இயக்கினால் திரவம் வழிந்தோடும். 4-இலிருந்து தொடங்குவதால், மின்னோட்டம் அறவே இல்லாமற்போவது பழுதின் அடையாளம் என்பது உடனே புலனாகும்.

இக்காலத்தில் பல கருவிகளை ஒரே வலையமைப்பில் இணைத்து, அளவுகளை எண்களாக அனுப்புகின்றனர். 1979-இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸ் முறை இன்றும் வழக்கிலுள்ளது. இதில் தலைமைக் கருவி வினவ, ஏனையவை விடையிறுக்கும். குறித்த காலத்துக்குள் விடை வாராவிடின் தொடர்பு அற்றதெனக் கொள்ளவேண்டும். அதை விடுத்து, இறுதியாக வந்த எண்ணையே திரை தொடர்ந்து காட்டுமாயின், பழைய செய்தி புதிய செய்தியாகத் தோன்றி மயக்கும்.

கம்பி அறாமலும் இணைப்புக் கெடாமலும் இருக்கையிலேயே கருவி பொய்யுரைப்பதும் உண்டு. இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அதிகாலையில், பெட்ரோல் தொடர்ந்து நிரம்பிக்கொண்டிருக்க, மட்டங்காட்டும் கருவி ஓரளவிலேயே நின்றுவிட்டது. உச்ச மட்டத்தில் பாய்ச்சலை நிறுத்துதற்கெனத் தனியே வைத்திருந்த விசையும் இயங்கவில்லை. பெட்ரோல் வழிந்து ஆவியாகப் பரவி வெடித்தது. 43 பேர் காயமுற்றனர்.

களப்பணியாளர் மூன்றினை மறவாதிருத்தல் வேண்டும். ஒவ்வோர் அளவுடனும் அது பெறப்பட்ட நேரமும் வருதல் வேண்டும். திரவம் பாயும்போது மாறாது நிற்கும் அளவை ஐயுறுதல் வேண்டும். காவலுக்கு வைத்த இரண்டாவது கருவியைக் குறித்த காலந்தோறும் இயக்கிச் சோதித்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் மாணவர்க்கு இவ்வினாவைத் தரலாம்: மேற்கூறிய தொட்டியிலிருந்து 10 மில்லி ஆம்பியர் வரின் திரவமட்டம் யாது? 2 மில்லி ஆம்பியர் வரின் யாது? முன்னதற்கு விடை 3 மீட்டர். பின்னதற்குக் கணக்கிட்டால் சுழிக்குக் கீழே 1 மீட்டர் எனப் பொருந்தாத விடை வரும். அது கருவியின் பழுதைக் குறிப்பதே என மாணவர் தாமே உணர்வராயின், பாடத்தின் பயன் கைகூடியதாகும்.