ஜேசானில் ஏற்றிய லாரி, லாரியாகவே இறங்குமா?

சேலத்து ஜவ்வரிசி மகாராஷ்டிரத்துக்குக் கிளம்பும்போது, சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் வெளிமாநில லோடுக்கு இதுதான் நடைமுறை. நிறைய பில் போடுகிறவர்கள் ஜேசான் கோப்பாகவே ஏற்றிவிடுகிறார்கள். நாமக்கல், சங்ககிரி லாரி ஆபீஸ்களுக்கு இதற்கான மென்பொருளைக் கோ மொழியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘போக்குவரத்து’ என்று ஓர் இன்டர்ஃபேஸ். அதை நிறைவேற்றும் லாரி, ரயில், விமானம், கப்பல் என்று நான்கு ஸ்ட்ரக்ட். இங்கேதான் தவறான நம்பிக்கைகள் தொடங்குகின்றன.

மார்ஷல் செய்தால், அதாவது ஸ்ட்ரக்டை ஜேசானாக எழுதினால், டைப்பும் கூடவே கோப்புக்குள் போய்விடும் என்பது முதலாவது. போகாது. ஸ்ட்ரக்டில் உள்ள தகவல்கள் மட்டுமே எழுதப்படும். அது லாரி என்பது எங்கும் பதிவாகாது. திரும்பப் படிக்கையில் எந்த ஸ்ட்ரக்டை உருவாக்குவது என்று தெரியாமல் அன்மார்ஷல் பிழை காட்டும். அந்தப் பிழை நியாயமானது. இன்னின்ன மெத்தட் இருக்கும் என்பதைத்தான் இன்டர்ஃபேஸ் சொல்கிறது. யாருக்கு இருக்கும் என்று சொல்வதில்லை. ஐந்தாவதாக ஒரு டைப்பை நாளைக்கு யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

“வண்டி எண் இருந்தால் லாரி, இல்லாவிட்டால் வேறு ஏதோ” என்று ஊகிப்பது இன்னும் ஆபத்தானது. இ-வே பில்லின் முதல் பகுதியை மட்டும் நிரப்பிவிட்டு, வண்டி அமைந்த பிறகு எண்ணைச் சேர்க்க வழி உண்டு. அந்த இடைவெளியில் லாரி லோடும் வண்டி எண் இல்லாமல்தான் நிற்கும். பில்லின் வடிவத்தை வகுத்தவர்கள் இதை ஊகத்துக்கு விடவில்லை: சாலைக்கு 1, ரயிலுக்கு 2, விமானத்துக்கு 3, கப்பலுக்கு 4 என்று ‘டிரான்ஸ்மோட்’ குறியீட்டைத் தனியாக வைத்தார்கள். மிகச் சரியான முடிவு என்பேன்.

வெற்று இன்டர்ஃபேஸில் வாங்கிக்கொண்டால் தொல்லை தீர்ந்தது என்பார்கள் சிலர். அப்படி வாங்கினால் கிடைப்பது ஒரு மேப். மெத்தட் எதுவும் இருக்காது. எண்களெல்லாம் ஃப்ளோட்64 ஆகிவிடும். 12 இலக்க இ-வே பில் எண்ணின் மதிப்பு கெடாது, ஏனென்றால் 2-இன் 53-ஆம் அடுக்கு வரை முழு எண்கள் அதில் பத்திரம். ஆனால் பிரிண்ட்எல்என் கொடுத்தால் e+11 என்ற வாலோடு வந்து நிற்கும். வழிச் சோதனையில் காட்டும் தாளில் அப்படி அச்சானால் ஓட்டுநர் என்ன செய்வார்? யூஸ்நம்பர் என்ற வசதி இதற்கென்றே இருக்கிறது.

டைப்பின் முழுப் பெயரையே எழுதிவைப்பதும் தீர்வாகாது. கோவின் காப் நூலகம், ரெஜிஸ்டர் செய்த டைப்பை அப்படித்தான் பெயரோடு அனுப்புகிறது. பேக்கேஜின் பெயரை மாற்றினால் பழைய கோப்புகள் திறக்காது. ஜாவாவில் இது பாதுகாப்புக்கே கேடானது. உள்ளே வரும் தரவு சொன்ன வகுப்பையெல்லாம் உருவாக்கியதால் ஜாக்சன் நூலகத்தில் 2017-இல் பெரிய ஓட்டை வெளிப்பட்டது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எழுதும்போது ஒவ்வொரு ஸ்ட்ரக்டின் மார்ஷல்ஜேசான் மெத்தடும் தன் குறியீட்டைச் சேர்க்கட்டும். படிக்கும்போது குறியீட்டை மட்டும் முதலில் எடுங்கள். மீதியை ராமெசேஜாக அப்படியே வைத்திருந்து, ஸ்விட்சில் உரிய ஸ்ட்ரக்டுக்குக் கொடுங்கள். தெரியாத குறியீடு வந்தால் பிழை எழ வேண்டும். நம்மூரில் எல்லாம் லாரிதானே என்று டிஃபால்ட்டில் லாரியைப் போட்டுவிடாதீர்கள்.