தீவுகளுக்கு ஏற்ற கலப்பு மின்முறை

யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் இலங்கையின் தேசிய மின்தொகுப்புடன் இணைக்கப்படாதவை. டீசல் இயந்திரங்களை நம்பியிருந்த இத்தீவுகளுக்கு எண்ணெயும் கடல் கடந்தே வர வேண்டும். இச்சுமையைக் குறைக்கும் கலப்பு மின்திட்டத்திற்கு, இந்திய அரசின் 1.1 கோடி டாலர் நன்கொடையுடன், 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

மூன்று தீவுகளுக்கும் சேர்த்துத் திட்டமிடப்பட்ட அளவுகள் வருமாறு: சூரிய மின்சாரம் 1,700 கிலோவாட், காற்றாலை 530 கிலோவாட், மின்கலச் சேமிப்பு 2,400 யூனிட், காப்பு டீசல் 2,500 கிலோவாட்.

இவ்வெண்கள் வடிவமைப்பின் நெறியை உணர்த்துகின்றன. சூரியத் தகடுகள் முழுத்திறனில் ஒன்றரை மணி நேரம் இயங்கினாலே மின்கலங்கள் நிரம்பிவிடும். எனவே சேமிப்பு மாலைத் தேவைக்கு உதவுமேயன்றி, நாட்கணக்கில் தாங்காது. தென்மேற்குப் பருவக்காற்று இரவிலும் காற்றாலையைச் சுழற்றும். வடகிழக்குப் பருவத்தில் மேகம் சூழ, சூரிய உற்பத்தி குறையும். இரு பருவங்களுக்கும் இடையே காற்று தளரும். வெயிலும் காற்றும் ஒருசேரக் குறையும் நாட்களைக் கருதினால், டீசல் திறன் அவ்விரண்டின் கூட்டுத்தொகையைவிட மிகுந்திருப்பதன் பொருள் விளங்கும்.

ஆகவே இத்தகைய திட்டத்தை மதிப்பிடும் அலுவலர், ஆண்டு முழுவதும் மின்சாரம் தடைபடாமல் எத்தனை லிட்டர் எண்ணெய் மிச்சமாகிறது என்றே கணக்கிட வேண்டும். டீசல் இயந்திரம் நீடிப்பது திட்டத்தின் குறையன்று.