தூரத்தைப் பதிவு செய்

அன்புத் தம்பிக்கு,

புனேயின் சதுஷ்ருங்கி கோயில் திருவிழாவை, அந்த ஜத்ராவை, வைத்து நீ வீட்டிலேயே தொகுத்த படத்தை முதலில் முழுதாகப் பார்த்தேன். பிறகு திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்டேன். காட்சிகள் நன்றாக வந்திருக்கின்றன. ராட்டினத்தின் அடியில் நின்று அண்ணாந்து எடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. குறை ஒலியில்தான். பீப்பி ஊதும் பையன், கோயில் மணி, ஜெனரேட்டர் எல்லாமே ஒரே பலத்தில், ஒரே இடத்திலிருந்து வருவதாகக் கேட்கிறது. அதை மறைக்க மேலே புல்லாங்குழல் இசை போட்டிருக்கிறாய். அந்த இசையை எடுத்துவிடு.

அந்த இடத்தை நினைத்துப் பார். நவராத்திரி இரவில் சேனாபதி பாபட் ரோட்டுக்கு வந்ததுமே ஜத்ரா கேட்கத் தொடங்கிவிடும்; வண்டிகளின் ஹாரனுக்கு அடியில் ஒரு மொத்த இரைச்சலாக. கடைகளுக்குள் நுழைந்தால் அது பிரிகிறது: கடலை வறுக்கும் கரண்டி, பலூன் சுடும் துப்பாக்கி, விலை கூவும் குரல், ராட்டினம் கீழே இறங்கும்போது பெண் பிள்ளைகள் போடும் கூச்சல். குன்றின் படிகளில் ஏற ஏற இவை மறுபடி ஒன்றாகக் கலந்து கீழேயே தங்கிவிடுகின்றன. மேலே சன்னதியில் மணி மட்டும் காதருகே. ஒரே ஜத்ராவுக்குள் இத்தனை தூரங்கள் இருக்கின்றன. உன் படத்தின் கதை அதுதான், வேறு கதை தேடாதே.

அந்தத் தூரத்தைக் கெடுப்பது உன் கையிலுள்ள போன். சத்தம் கூடினால் அதுவாகவே ஒலியளவைக் குறைக்கும், அடங்கினால் ஏற்றும். மணி அடித்த மறுகணம் பின்னணி இரைச்சல் பொங்கி எழுவதை உன் படத்தில் நீயே கேட்கலாம். தானியங்கி ஒலியளவை அணைக்க வழி தரும் செயலியைப் பயன்படுத்து. முடிந்தால் சிறிய ரெக்கார்டர் ஒன்றை இரவல் வாங்கு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வைத்து, மிகப் பலமான சத்தமும் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை நிறுத்து. டோல்-தாஷா மேளக் குழு பக்கத்தில் வந்தால் இன்னும் இறக்கு. உடைந்துபோன ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை போடு. ஒவ்வோர் இடத்திலும் பேசாமல், நகராமல் இரண்டு நிமிடம் நில். இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். கூட்டத்தில் கால் தானாக நகரும்.

ஒலியைத் தனியாகப் பதிவு செய்தால் படத்தோடு பொருத்த, காட்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒருமுறை கை தட்டு. போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருப்பது வழக்கம். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் சீரான வேகத்துக்கு மாற்றிய பிறகே தொகுக்கத் தொடங்கு, இல்லாவிட்டால் உதடும் குரலும் விலகிப் போகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் கடை விளக்குகள் துடிப்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆனால் எல்லா ஒலியையும் அதனதன் படத்தோடு கட்டிப்போட வேண்டும் என்று நினைக்காதே. லிண்ட்சே ஆண்டர்சனின் ‘ஓ ட்ரீம்லேண்ட்’ படத்தைத் தேடிப் பார். 1953இல் இங்கிலாந்தின் மார்கேட் நகரக் கேளிக்கைப் பூங்காவில் எடுத்தது, சுமார் 12 நிமிடம். 16 மில்லிமீட்டர் கேமராவும் தனி டேப் ரெக்கார்டரும்தான் கருவிகள், வர்ணனை கிடையாது. ஓர் இயந்திரப் பொம்மையின் சிரிப்பு, பொம்மை திரையில் இல்லாதபோதும், மனிதர்களின் முகங்கள் மேல் திரும்பத் திரும்ப விழுகிறது. அந்த உத்தியைக் கற்றுக்கொள். அவருடைய பார்வையை மட்டும் எடுத்துக்கொள்ளாதே: வந்திருக்கும் எளிய மக்களை அது கொஞ்சம் மேலிருந்து பார்க்கிறது என்பது என் எண்ணம். அதற்கு மாற்றாக, நம் மகாராஷ்டிரத்திலேயே எடுத்த ‘தி சினிமா டிராவலர்ஸ்’ இருக்கிறது. கிராமத்து ஜத்ராக்களுக்கு லாரியில் புரொஜெக்டரை ஏற்றிச் செல்லும் கூடாரத் திரையரங்குகளை ஷெர்லி ஆபிரகாமும் அமித் மதேஷியாவும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2016இல் கான் விழாவில் அதற்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. இருட்டில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் முகங்களை அவர்கள் எவ்வளவு மரியாதையோடு பார்க்கிறார்கள் என்று கவனி.

புனே திரைப்படக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். 1960இல் பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் தொடங்கிய அந்த இடம் பாலுமகேந்திராவுக்கு ஒளிப்பதிவையும் ரசூல் பூக்குட்டிக்கு ஒலிப்பதிவையும் கற்றுத் தந்தது. உன் வருத்தம் நியாயமானது. மறுபடி விண்ணப்பம் போடு. அதுவரை ஜத்ராவுக்குப் போவதை நிறுத்தாதே.

ஜத்ராவில் ஒலிபெருக்கிச் சினிமாப் பாட்டு எப்படியும் உன் பதிவுக்குள் வரும். அருகே போய்ப் பிடித்தால், இணையத்தில் ஏற்றும்போது பாட்டின் உரிமையாளர்கள் உரிமை கேட்டு உன் படத்தை முடக்கலாம். படியிலிருந்து எடு, அங்கே அது காற்றோடு வரும் வெறும் தாளம்தான், உன் படத்துக்கும் அதுவே போதும். குழந்தைகளையும் வளையல் கடைப் பெண்களையும் கேட்காமல் நெருக்கத்தில் எடுக்காதே. மராத்தி தடுமாறினாலும் பரவாயில்லை. ‘மாவ்ஷி’ (சித்தி) என்று கூப்பிட்டு, ஹெட்ஃபோனை ஒரு நிமிடம் அவர்கள் காதில் வைத்துக் காட்டு. தங்கள் கடை எப்படிக் கேட்கிறது என்று தெரிந்த பிறகு, வேண்டாம் என்பவர்கள் குறைவு. அப்படியும் ஒருவர் வேண்டாம் என்றால் அந்தப் பதிவை அங்கேயே அழித்துவிடு.

வரும் நவராத்திரியில் முதல் நாள் கேமரா இல்லாமல் போ. அடுத்த தொகுப்பை அனுப்பும்போது ஒலியை மட்டும் தனிக் கோப்பாகவும் அனுப்பு. முதலில் அதைக் கேட்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்