சங்க முற்றத்திற்கு ஏற்ற செடிகள்

சங்கக் கட்டடத்தின் முன்னே புல்தரை அமைப்பது அழகு என்று அங்கத்தினர் பலர் கருதுகின்றனர். அதன் நீர்ச் செலவை நாம் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். 100 சதுர மீட்டர் புல்லுக்கு நாள்தோறும் 5 மில்லிமீட்டர் அளவு நீர் விட்டால் 500 லிட்டர் செலவாகும். 15 லிட்டர் குடத்தால் அது 33 குடங்களுக்கு மேல். பாவுக்குக் கஞ்சி காய்ச்சுவதும், நூலுக்குச் சாயம் தோய்ப்பதும், நாற்றங்காலுக்குப் பாய்ச்சுவதும் அதே நிலத்தடி நீரைக் கொண்டுதான். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றவை என அறிவிக்கப்பட்டன. அதனை நாம் மறத்தலாகாது.

வறட்சி தாங்கும் செடிகள் நமக்குப் புதியன அல்ல. ஆவாரை ஆழ வேரூன்றிப் பொன்னிறப் பூ தரும். கற்றாழை மடலில் நீரைச் சேமிக்கும். நொச்சியும் ஆடாதோடையும் ஆடு மேயாத வேலியாகும். நிழலுக்கு வேம்பும் புங்கமும் உள.

நடும் முறை வருமாறு:

1. ஐப்பசி மழை தொடங்கும்போது நடுக.
2. மல்லிகை போன்று நீர் மிகுதியும் வேண்டும் செடிகளைத் தனியே ஓரிடத்தில் வைக்க.
3. தண்டைத் தொடாதவாறு சருகினால் மண்ணை மூடுக. ஈரம் விரைவில் உலராது.
4. முதலாண்டில் நாள்தோறும் தெளிக்காமல், இடைவெளி விட்டு ஆழ நனைக்க. மேலாக நனைத்தால் வேரும் மேலாகவே படரும். வேரூன்றியபின் நீரைப் படிப்படியாகக் குறைக்க.

முற்றம் பசுமையாக இருத்தல் நன்று. ஆயினும் அதன்பொருட்டு அங்கத்தினர் தொழிலுக்குரிய நீர் குறைதல் தகாது.