தகட்டுக்கும் செல் துண்டுக்கும் ஒரே கறளா?

வன்னியில் உடம்புக்குள் உலோகத்தோடு நடமாடுகிறவர்கள் இரண்டு வகை. முறிந்த எலும்பு பொருந்துவதற்காக வைத்தியர் வைத்த தகடும் திருகாணியும் கம்பியும் சிலருக்கு. செல்லடியில் பாய்ந்து, எடுத்தால் கேடு கூடும் என்று அங்கேயே விடப்பட்ட துண்டுகள் வேறு சிலருக்கு. 2009இல் புதுமாத்தளன் கரையிலிருந்து சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டில் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட காயக்காரர்களின் தலைமுறையில் இரண்டையும் சேர்த்துச் சுமப்பவர்களும் இருக்கிறார்கள். எக்ஸ்ரே படத்தில் இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரிவதாலோ என்னவோ, இரண்டுக்கும் ஒரே விதியைச் சொல்லிவிடுகிறோம்: உள்ளே போன இரும்பு கறள் பிடிக்கும், தகட்டின் மேலுள்ள பூச்சுத் தேய்ந்ததும் நஞ்சு இரத்தத்தில் கலக்கும், ஆகவே காலம் பிந்தமுன் கழற்றிவிட வேண்டும். செல் துண்டைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை. தகட்டைப் பொறுத்தவரை பிழை.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நமக்கு ஏற்றுகிற சேலைனில் 0.9 வீதம் உப்பு. கடல்நீரில் ஏறத்தாழ 3.5 வீதம். கால்வாசிக் கடலுக்குள், 37 பாகைச் சூட்டில், இரவு பகலாக ஊறிக் கிடக்கும் இரும்பை யார்தான் நம்புவார்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஆபத்நட் லேன் என்ற வைத்தியர் வைக்கத் தொடங்கிய உருக்குத் தகடுகள் அரித்துத்தான் போயின. 1912இல் அமெரிக்கரான ஷேர்மன் கொண்டுவந்த வனேடியம் உருக்கு பலத்தில் மேம்பட்டது. அரிப்பில் அதுவும் தோற்றது. 1937இல் வெனபிள், ஸ்டக் என்ற வைத்தியர்கள் விலங்குகளில் பரிசோதித்து, வெவ்வேறு உலோகங்களை அருகருகே வைத்தால் அவற்றிடையே மின்னோட்டம் உண்டாகி ஒன்று அரிக்கப்படும் என்று காட்டினார்கள். எந்தத் தகட்டோடு எந்தத் திருகாணி என்பதில் இன்றும் காட்டப்படும் கவனம் அங்கிருந்து வந்தது.

இன்றைய தகடு வேறு. நாங்கள் மனதில் வைத்திருப்பது கூரைத் தகரத்தின் நாகப் பூச்சு. மேலே பூசியது போய்விட்டால் உள்ளே இருக்கும் இரும்பில் கறள் ஏறும். தகட்டைக் காப்பதோ பூசிய ஒன்றல்ல, உலோகம் தானே கட்டிக்கொள்ளும் படலம். 316எல் என்ற கறையில் உருக்கில் 17 முதல் 19 வீதம் வரை குரோமியம் இருக்கிறது. உப்பைத் தாங்குவதற்கென்று இரண்டு மூன்று வீதம் மொலித்தனமும் உண்டு. குரோமியம் ஒட்சிசனோடு சேர்ந்து ஒட்சைட்டுப் படலமாகிறது. அதன் தடிப்பு சில நானோமீற்றர், தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கீறுப்பட்டால் உடம்புத் திரவத்திலுள்ள ஒட்சிசனைக் கொண்டு கணத்துக்குள் அங்கேயே மறுபடி உருவாகும். தகடு செய்யும் மற்ற உலோகமான தைத்தேனியத்தின் படலம் இதைவிடவும் உறுதியானது. பச்சை, பொன், நீலம் என்று மின்னும் தைத்தேனியத் தகடுகளில்கூடச் சாயம் எதுவும் கிடையாது; மின்சாரம் செலுத்தி அதே படலத்தைச் சற்றுத் தடிக்கச் செய்திருக்கிறார்கள், நிறம் ஒளியின் வேலை. ஆகவே இத்தனை வருசத்தில் தேயும் என்ற கணக்கு இங்கே செல்லாது. செல் துண்டு பெரும்பாலும் சாதாரண உருக்கு. இப்படிக் காக்கும் படலம் அதில் கட்டாது. கண்ணுக்குள் தங்கும் இரும்புத் துகளின் கறள் பரவிப் பார்வையையே கெடுக்கும் என்பது கண் வைத்தியர்கள் நன்கறிந்த விடயம்.

‘கழற்றும்போது தகட்டைச் சுற்றித் தசை கறுத்திருந்ததே?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. படலம் திரும்பக் கட்ட ஒட்சிசன் வேண்டும். திருகாணித் தலைக்கும் தகட்டுத் துளைக்கும் இடையிலுள்ள இடுக்கில் அது குறைவு. பிடி தளர்ந்தால் அசைவுதோறும் அங்கே உலோகம் உலோகத்தோடு உரசி, கட்டிய படலம் மறுபடி உரியும். கறையில் உருக்கு அரிப்பதும் பெரும்பாலும் அந்த இடுக்கில்தான். கிருமித் தொற்று வந்தால் அமிலத்தன்மை கூடி நிலைமை மோசமாகும். எனவே ‘ஒன்றுமே கரையாது’ என்று ஆறுதல் சொல்வதும் பொய்தான். உலோகத்தின் மேல் உலோகம் உருளும் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டை 2010 ஓகஸ்டில் டிபுய் நிறுவனம் உலகெங்கும் மீளப்பெற்றது. அத்தகைய மூட்டுகளில் உரசிக் கழன்ற கோபால்ற்று, குரோமியத் துகள்கள் சுற்றியிருந்த இழையங்களைச் சிதைத்தன. பொருந்திய எலும்பின் மேல் அசையாமல் கிடக்கும் தகட்டுக்கு அந்தக் கதை பொருந்தாது. தகடு முறிவதும் அநேகமாகக் கறளால் அல்ல. எலும்பு பொருந்தாமல் பாரம் முழுவதும் அதன் மேல் விழ, வளைந்து வளைந்து உலோகம் களைத்து முறிகிறது. தொற்று, தளர்ந்த திருகாணி, நோ, தோலில் உறுத்தல், வளரும் பிள்ளையின் எலும்பு ஆகியவை கழற்றுவதற்குக் காரணங்கள். வருசம் மட்டும் காரணமல்ல. கழற்றுவதும் ஒரு சத்திரசிகிச்சை என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம்.

உண்மையிலேயே பூசப்படும் பூச்சுகளும் உண்டு, அவற்றின் முதல் வேலை வேறு. 1980களிலிருந்து இடுப்பு மூட்டுத் தண்டில் பூசப்படும் ஐதரொட்சியபற்றைற்று எலும்பின் கனிமத்தை ஒத்தது. எலும்பு ஒட்டி வளர்வதற்கு. ஜென்ராமைசின் என்ற கிருமிகொல்லி மருந்து பூசிய காற்கம்பி, கிருமி குடியேறாதிருக்க.

பெரிய காந்தத்தைக் கொண்டு படமெடுக்கும் எம்ஆர்ஐ என்றதும் தகடு வைத்தவர் பயப்படுகிறார். துண்டு உள்ளவருக்கோ அதன் நினைவே வராது. 316எல்லையும் தைத்தேனியத்தையும் காந்தம் பெரிதாக இழுக்காது. படத்தில் நிழல் விழும் என்பதால் அவற்றையும் சொல்லத்தான் வேண்டும். காந்தம் இழுத்து நகர்த்தக்கூடியது உருக்குத் துண்டு. அது கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ பக்கத்தில் இருந்தால் ஆபத்து. படிவத்தில் உலோகம் பற்றிக் கேட்கும் இடத்தில் தகட்டோடு துண்டையும் எழுதி, அது எங்கே இருக்கிறதென்று முதலில் எக்ஸ்ரேயில் பார்க்கச் சொல்ல வேண்டும்.